பதினொரு கல்லூரிகள், ஐம்பத்தைந்து ஆட்டங்கள்: நெஸ்காக் கூடைப்பந்து சீசனை எப்படிப் பின்தொடர்வது?

கேள்வி இது: "அமெரிக்கக் கல்லூரி பேஸ்கட்பாலில் மார்ச் மேட்னஸ் மட்டும்தான் பார்ப்பேன். டிவிஷன் 3 என்று சின்னக் கல்லூரிகளுக்குத் தனியாக ஒரு பிரிவு இருக்கிறதாமே. விளையாட்டு உதவித்தொகையே வாங்காத பையன்கள் ஆடுவதை ஒரு சீசன் முழுக்கப் பார்க்க அதில் என்ன இருக்கிறது? பார்ப்பதென்றால் எங்கே தொடங்குவது?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு லீக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். டிவிஷன் 3-ல் நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஆண்கள் கூடைப்பந்து ஆடுகின்றன. அத்தனையையும் ஒருவர் பார்க்க முடியாது. பார்க்கிறேன் என்று சொல்பவர் ஸ்கோரை மட்டும்தான் பார்க்கிறார். ஆனால் ஒரு லீக்கை முழுசாகப் பார்க்கலாம். ஒவ்வொரு அணியின் முதல் எட்டுப் பேரையும் பெயரோடு தெரிந்து வைத்துக்கொள்ளலாம். பெரிய லீக்குகளில் கிடைக்காத சுகம் இதுதான்.

நான் சொல்லும் லீக் நெஸ்காக். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் பதினொரு கல்லூரிகள். மாசசூசெட்ஸில் ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ், டஃப்ட்ஸ். கனெக்டிகட்டில் டிரினிட்டி, வெஸ்லியன், கனெக்டிகட் காலேஜ். மெய்னில் பேட்ஸ், போடின், கோல்பி. வெர்மான்ட்டில் மிடில்பரி, நியூயார்க் மாநிலத்தில் ஹாமில்டன். டஃப்ட்ஸைத் தவிர்த்தால் மற்றவற்றில் ஏறத்தாழ இரண்டாயிரம், மூவாயிரம் மாணவர்கள்தான் படிக்கிறார்கள். ஒவ்வொரு அணியும் மற்ற பத்து அணிகளோடும் தலா ஒரு முறை ஆடும். ஐந்து சொந்த ஊரில், ஐந்து வெளியூரில். கணக்குப் போட்டால் லீக் ஆட்டங்கள் மொத்தம் 55. சனவரி தொடங்கி பிப்ரவரி நடுவுக்குள் முடிந்துவிடும்.

இந்த 'ஒரு முறை' என்பதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலான லீக்குகளில் ஒரே எதிரியை இரண்டு முறை சந்திப்பார்கள், முதல் தோல்விக்குப் பிறகு பழிதீர்க்க இன்னொரு வாய்ப்பு உண்டு. இங்கே கிடையாது. சனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பனியில் நான்கு மணி நேரம் பஸ்ஸில் போய் இறங்கி, கால் சரியாகச் சூடாகும் முன்பே பத்துப் புள்ளி பின்தங்கி, அந்த ஆட்டத்தைத் தோற்றால் அது அப்படியே சீசன் முடியும்வரை பட்டியலில் நிற்கும். பத்து ஆட்டத்தில் எட்டு வென்றால் முதலிடத்துக்குப் பக்கத்தில் இருப்பீர்கள். ஆறு வென்றால் நடுவில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பீர்கள். பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் நான்கைந்து அணிகள் ஒரே எண்ணிக்கையில் முட்டிக்கொண்டு நிற்பது இங்கே சாதாரணம். அப்போது யார் யாரை வென்றார்கள் என்ற சமன் முறிப்புக் கணக்கை உட்கார்ந்து போடுவதே தனி விளையாட்டு. எனக்கு ஆட்டத்தைவிட அது பிடிக்கும் என்றுகூடச் சொல்வேன்.

சரி, தரம். உதவித்தொகை இல்லை என்பது உண்மை. டிவிஷன் 3-ல் விளையாட்டுக்காகப் பணம் தரக் கூடாது. குடும்ப வருமானத்தையோ படிப்பையோ பார்த்துத் தரும் உதவி மட்டும்தான், அதுவும் ஆடாத மாணவனுக்குக் கிடைக்கும் அதே அளவுகோலில். ஆனால் இதிலிருந்து 'விடுதி மைதானத்து ஆட்டம்' என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். இந்தப் பையன்கள் ஒவ்வொருவரும் பள்ளியில் அந்த வட்டாரத்தின் சிறந்த ஆட்டக்காரராக இருந்தவர்கள். இரண்டு அங்குலம் உயரம் குறைவு, அல்லது காலில் அரை நொடி வேகம் குறைவு. டிவிஷன் 1 (மார்ச் மேட்னஸ் ஆடும் பெரிய பல்கலைக்கழகங்களின் பிரிவு) கோச்சுகள் கடந்துபோனது பெரும்பாலும் அதனால்தான்.

டங்கன் ராபின்சனை எடுத்துக்கொள்ளுங்கள். நியூ ஹாம்ஷயர் பையன். 2013-14 சீசனில் வில்லியம்ஸில் முதலாண்டு மாணவனாக ஆடினார். அந்த ஆண்டு வில்லியம்ஸ் டிவிஷன் 3 இறுதி ஆட்டம்வரை போனது. அப்புறம் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். விதிப்படி ஒரு வருடம் வெளியே உட்கார்ந்து, 2018-ல் வில்லனோவாவுக்கு எதிரான டிவிஷன் 1 இறுதி ஆட்டத்தில் ஆடினார். என்பிஏ டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) யாரும் எடுக்கவில்லை. மயாமி ஹீட் என்ற என்பிஏ அணியில் நுழைந்து 2020-ல் என்பிஏ இறுதித் தொடரில் ஆடினார், 2021-ல் ஐந்து வருடத்துக்கு 9 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். டிராஃப்டில் எடுக்கப்படாத ஒருவருக்கு அதுவரை அவ்வளவு பெரிய தொகை கிடைத்ததில்லை. வில்லியம்ஸின் சான்ட்லர் ஜிம்மில் மரப்பலகை வரிசையில் உட்கார்ந்து அவர் த்ரீ பாயிண்டர் (தூரத்திலிருந்து மூன்று புள்ளிக்கு எறிவது) போடுவதைச் சும்மா பார்த்துவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். இப்படி ஒருவர் ஒவ்வொரு வருடமும் வருவார் என்று சொல்லவில்லை, வரமாட்டார். எல்லைக்கோடு நாம் நினைக்கும் இடத்தில் இல்லை என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

அணிகளின் தரத்துக்குச் சான்று வேண்டுமென்றால் தேசியப் பட்டங்களைப் பாருங்கள். வில்லியம்ஸ் 2003-ல் சாம்பியன். ஆம்ஹர்ஸ்ட் 2007-லும் 2013-லும். 2025-ல் டிரினிட்டி நியூயார்க் பல்கலைக்கழகத்தை (என்ஒய்யூ) வென்று பட்டம் எடுத்தது. பதினொரு கல்லூரிகள் உள்ள ஒரு லீக்கிலிருந்து மூன்று வெவ்வேறு அணிகள் தேசிய சாம்பியன். இதோடு வில்லியம்ஸ் 2004, 2010, 2014 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இறுதி ஆட்டத்தில் தோற்றது. அந்த மூன்றிலும் வென்றது விஸ்கான்சின் மாநிலக் கல்லூரிகள்தான், இரண்டு முறை ஸ்டீவன்ஸ் பாயிண்ட், ஒரு முறை ஒயிட்வாட்டர். வில்லியம்ஸ்காரர்களிடம் விஸ்கான்சின் பாலாடைக்கட்டியைப் பற்றிக்கூடப் பேசாமல் இருப்பது நல்லது.

2014 இறுதி ஆட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். வர்ஜீனியாவில் சேலம் என்ற ஊர் (நம் சேலம் அல்ல, ஆனால் பல வருடங்கள் டிவிஷன் 3 இறுதிச் சுற்று அங்கேதான் நடந்தது). ஐந்து நொடி மிச்சமிருக்கும்போது வில்லியம்ஸின் மைக்கேல் மேயர் கூடைக்குக் கீழிருந்து போட்டு ஒரு புள்ளி முன்னிலை கொடுத்தார். ஒயிட்வாட்டரின் குவார்டெல் யங் பந்தை வாங்கி, டைம் அவுட் எதுவும் கேட்காமல், களத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடி லேஅப் (கூடைக்குப் பக்கத்தில் போய்ப் போடுவது) போட்டார், கூடவே கிடைத்த ஃப்ரீ த்ரோவையும் போட்டார். கடிகாரத்தில் ஒரு நொடிக்கும் குறைவாகத்தான் மிச்சம். 75-73. டிவிஷன் 1-ல் இப்படி ஒன்று நடந்திருந்தால் வருடா வருடம் மார்ச் மாதம் விளம்பரத்தில் காட்டிக்கொண்டிருப்பார்கள்.

இந்த லீக்கின் குணத்தைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் வரலாறு தேவை. நெஸ்காக் 1971-ல் உருவானது. இதை நடத்துவது விளையாட்டுத் துறை இயக்குநர்கள் அல்ல, கல்லூரித் தலைவர்கள். விளையாட்டு படிப்பை விழுங்கிவிடக் கூடாது என்பது அவர்கள் நிலைப்பாடு. அதை எவ்வளவு கறாராகப் பிடித்தார்கள் என்றால், 1993 வரை நெஸ்காக் அணிகள் தேசிய (கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின்) அணிப் போட்டிகளில் கலந்துகொள்ளவே அனுமதியில்லை. எவ்வளவு நல்ல அணியாக இருந்தாலும் மார்ச்சில் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். லீக்கின் சொந்த நாக்அவுட் போட்டியே 2001-ல்தான் வந்தது. அந்தக் கறாரின் மிச்சம் இன்னும் உண்டு. மற்ற லீக்குகளைவிடத் தாமதமாகப் பயிற்சி தொடங்குவார்கள், 25 ஆட்டங்கள் ஆட அனுமதியிருந்தும் 24 என்று வைத்துக்கொண்டவர்கள். நவம்பரில் நெஸ்காக் அணி ஆடும் முதல் ஆட்டத்தில் எதிரணி ஏற்கெனவே இரண்டு மூன்று ஆட்டம் ஆடி முடித்திருக்கும். ஆகவே நவம்பர் தோல்விகளைப் பார்த்துப் பதற வேண்டாம்.

இப்போது சீசன் எப்படி ஓடுகிறது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம்வரை லீக் அல்லாத ஆட்டங்கள். பாஸ்டன் பக்கத்து அணிகள், மெய்ன் மாநிலக் கல்லூரிகள், நன்றி நவிலல் வார இறுதியில் நான்கு அணிச் சிறு போட்டிகள். இந்தக் காலத்தில் நான் வெற்றி தோல்வியைப் பார்ப்பதில்லை, யார் எத்தனை நிமிடம் ஆடுகிறார் என்று பார்ப்பேன். போன வருடம் ஆறு நிமிடம் ஆடிய இரண்டாம் ஆண்டுப் பையன் இப்போது இருபத்தைந்து நிமிடம் ஆடுகிறான் என்றால் கோச் ஏதோ முடிவெடுத்துவிட்டார் என்று அர்த்தம். டிசம்பரில் பரீட்சை. அப்போது இரண்டு வாரத்துக்கு மேல் ஆட்டமே இருக்காது. பெரிய லீக் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த இடைவெளி விசித்திரமாக இருக்கும். நல்ல அணி பரீட்சைக்குப் பிறகு கை துருப்பிடித்து வருவதும், சுமாரான அணி திடீரென்று விழித்துக்கொள்வதும் உண்டு. கிறிஸ்துமஸ் கழிந்ததும், மற்ற மாணவர்கள் ஊரிலிருந்து திரும்பும் முன்பே, ஆட்டக்காரர்கள் வந்துவிடுவார்கள். காலியான வளாகத்தில் ஒரு நாளைக்கு இரண்டு வேளை பயிற்சி.

சனவரி முதல் வார இறுதியில் லீக் தொடங்கும். வெள்ளி இரவு ஒன்று, சனிக்கிழமை பகலில் ஒன்று. அடுத்தடுத்த நாளில் இரண்டு வெவ்வேறு எதிரிகள். பயணம் வசதியாக இருக்க அணிகளைச் சோடி சேர்த்திருப்பார்கள். மெய்னுக்குப் போகும் அணி வெள்ளிக்கிழமை வாட்டர்வில்லில் கோல்பியோடு ஆடிவிட்டு, இரவோடு இரவாகத் தெற்கே இறங்கி சனிக்கிழமை பிரன்ஸ்விக்கில் போடினோடு ஆடும். இந்த இரட்டை ஆட்டம்தான் நெஸ்காக்கின் உண்மையான பரீட்சை என்பது என் கருத்து. ஐந்து பேரை மட்டும் நம்பும் அணி வெள்ளிக்கிழமை ஜெயித்துவிடும், சனிக்கிழமை இரண்டாம் பாதியில் கால் ஓயும். முதலில் தெரிவது த்ரீ பாயிண்டரில். பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் தெறிக்க ஆரம்பித்தால் கால் போய்விட்டது என்று பொருள். அப்புறம் எதிரணியின் தாக்குதல் ரீபவுண்டுகள் (தாங்கள் எறிந்து தவறிய பந்தைத் தாங்களே பிடிப்பது) கூடும். எட்டு ஒன்பது பேரைச் சுழற்சியில் வைத்திருக்கும் கோச் இந்த லீக்கில் பிப்ரவரியில் சிரிப்பார்.

வில்லியம்ஸ், மிடில்பரி, கோல்பி போன்ற இடங்களில் சனவரி முழுக்க ஒரே ஒரு பாடம் மட்டும் எடுக்கும் குறும்பருவம் இருக்கிறது. படிப்புச் சுமை கம்மி, வெளியே குளிர், போக வேறு இடமில்லை. அதனால் ஜிம் நிரம்பும். வெர்மான்ட்டில் சனவரி வெள்ளிக்கிழமை இரவு வேறு என்னதான் செய்வார்கள்? பனிப்புயல் வந்தால் சனிக்கிழமை ஆட்டம் ஞாயிறுக்குத் தள்ளிப்போகும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பகை என்று பார்த்தால் வில்லியம்ஸ்-ஆம்ஹர்ஸ்ட்டுக்கு மேல் எதுவுமில்லை. 1821-ல் வில்லியம்ஸ் கல்லூரியின் தலைவர் செஃபானியா ஸ்விஃப்ட் மூர், ஊர் ரொம்ப ஒதுக்குப்புறமாக இருக்கிறது என்று சில மாணவர்களையும் கூட்டிக்கொண்டு கிளம்பிப்போய் ஆம்ஹர்ஸ்ட்டின் முதல் தலைவரானார். நூலகப் புத்தகங்களையும் திருடிக்கொண்டு போனார்கள் என்று வில்லியம்ஸ்காரர்கள் இன்றும் சொல்வார்கள், அதற்கு ஆதாரம் எதுவுமில்லை. 1859-ல் அமெரிக்காவின் முதல் கல்லூரிகளுக்கு இடையேயான பேஸ்பால் ஆட்டத்தில் மோதியதும் இந்த இரண்டும்தான், ஆம்ஹர்ஸ்ட் 73-32 என்று வென்றது. கூடைப்பந்துக்கு வந்தால், ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசம்பரில் இந்த விளையாட்டைக் கண்டுபிடித்த ஸ்பிரிங்ஃபீல்டு, ஆம்ஹர்ஸ்ட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்கும் குறைவு. 2004-லும் 2014-லும் இந்த இரண்டு அணிகளும் தேசிய அரையிறுதியிலேயே மோதின. இரண்டு முறையும் வில்லியம்ஸ் வென்றது, 2014-ல் மிகப் பெரிய வித்தியாசத்தில்.

இதில் புதியவர்கள் குழம்பும் ஒரு விஷயம் இருக்கிறது. வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட், வெஸ்லியன் மூன்றும் 'லிட்டில் த்ரீ' என்ற பழைய கூட்டு. இவர்கள் தங்களுக்குள் வருடத்துக்கு இரண்டு முறை ஆடுவார்கள், ஆனால் அதில் ஒன்றுதான் லீக் கணக்கில் சேரும். மெய்னின் மூன்று கல்லூரிகளுக்கும் இதே ஏற்பாடுதான். ஆகவே வில்லியம்ஸ் ஆம்ஹர்ஸ்ட்டை வென்றது என்று செய்தி பார்த்துவிட்டு, பட்டியலில் எண் மாறவில்லையே என்று தலையைச் சொறியாதீர்கள். பெருமைக்கான ஆட்டம் ஒன்று, புள்ளிக்கான ஆட்டம் ஒன்று. பார்வையாளர் சத்தத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

ஆம்ஹர்ஸ்ட்டைப் பற்றிப் பேசும்போது டேவ் ஹிக்ஸனை விட்டுவிட முடியாது. அதே கல்லூரியில் படித்து ஆடியவர், 1977-ல் கோச்சானார், 2020-ல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். 826 வெற்றிகள், இரண்டு தேசியப் பட்டம். 2023-ல் கூடைப்பந்தின் புகழ்க் கூடமான நெய்ஸ்மித் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தார்கள், என்பிஏ ஜாம்பவான்களான டர்க் நொவிட்ஸ்கி, டுவேன் வேட், கிரெக் பாபோவிச் ஆகியோரோடு ஒரே மேடையில். ஒரே ஊரில் நாற்பது வருடம் இருந்த ஒரு சின்னக் கல்லூரிக் கோச்சுக்கு இது நடந்தது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

லீக் ஆட்டங்கள் முடிந்ததும் நாக்அவுட். நீண்ட காலமாக இருந்துவரும் அமைப்பு இது: முதல் எட்டு அணிகள் தகுதி பெறும், முதல் நான்கு இடத்தில் இருப்பவர்கள் காலிறுதியைச் சொந்த ஜிம்மில் ஆடுவார்கள். அடுத்த வாரம் அரையிறுதியும் இறுதியும், மிச்சமிருக்கும் அணிகளில் பட்டியலில் மேலே இருப்பது யாரோ அவர்கள் வளாகத்தில் நடக்கும். முதலிடத்து அணி காலிறுதியில் எட்டாமிடத்திடம் தோற்றால் அடுத்த வாரப் போட்டி மொத்தமாக இன்னொரு ஊருக்கு மாறிவிடும். ஆகவே காலிறுதி சனிக்கிழமை நான்கு ஆட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் பார்க்க வேண்டும். தன் ஆட்டத்தை முடித்துவிட்ட இரண்டாமிடத்து அணி, முதலிடத்து அணி தடுமாறுவதைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

பட்டம் வெல்லும் அணிக்குத் தேசியப் போட்டியில் நேரடி இடம். அந்தப் போட்டியில் மொத்தம் 64 அணிகள். நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்கள் லீக் சாம்பியன்களுக்குப் போய்விடும், மீதி இருபது சொச்சம் இடங்களுக்குத்தான் நாடு முழுக்க அடிதடி. இந்த மிச்ச இடங்களை டிவிஷன் 3 ரசிகர்கள் 'பூல் சி' என்பார்கள். முன்பெல்லாம் வட்டாரவாரியாகக் குழு உட்கார்ந்து தரவரிசை போடும், அதில் என்ன நடக்கிறது என்று ஊகிப்பதே பாதிப் பொழுதுபோக்கு. 2024-25 முதல் என்பிஐ என்ற கணக்கீட்டு எண்ணை வைத்துத் தேர்வு செய்கிறார்கள். வெற்றி, எதிரணியின் பலம், சொந்த ஊரா வெளியூரா என்பதையெல்லாம் சேர்த்து ஒரு எண். இது நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பழைய முறையில் இருந்த சண்டை சச்சரவு போய்விட்டதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. நெஸ்காக்குக்கு இதனால் லாபம்தான். லீக்கில் பலவீனமான அணி குறைவு என்பதால் தோற்றாலும் எண் அதிகம் சரியாது. ஒரு வருடத்தில் மூன்று நான்கு நெஸ்காக் அணிகள் உள்ளே போவதைப் பார்க்கலாம்.

தேசியப் போட்டியின் முதல் வார இறுதியை நான்கு நான்கு அணிகளாகப் பிரித்துக் கல்லூரி வளாகங்களிலேயே நடத்துவார்கள். இங்கே பணம்தான் ராஜா. விமானச் செலவைக் குறைக்க வேண்டும் என்பதால் முடிந்தவரை பஸ்ஸில் வரக்கூடிய அணிகளையே சேர்த்துப் போடுவார்கள். பல ஆண்டுகளாக 500 மைல்தான் எல்லைக்கோடு. இதன் விளைவு, வடகிழக்கில் இருக்கும் நல்ல அணிகள் ஒன்றையொன்று ஆரம்பத்திலேயே அடித்துக்கொள்ளும். டெக்சாஸில் தனியாகக் கிடக்கும் இரண்டு நல்ல அணிகளுக்கும் இதே கதிதான். இன்னொரு வேடிக்கை: ஒரு கல்லூரியின் ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் ஒரே வாரம் போட்டியை நடத்தத் தகுதி பெற்றால், யாருக்கு முன்னுரிமை என்பது வருடத்துக்கு வருடம் மாறும். பெண்கள் அணி நன்றாக ஆடியதால் ஆண்கள் அணி வெளியூர் போக நேர்வது இங்கே நடக்கிற காரியம்.

நெஸ்காக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு லீக் வேண்டுமென்றால் யுஏஏ-வைப் பாருங்கள். சிகாகோ பல்கலைக்கழகம், எமரி, செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம், கார்னகி மெலன், என்ஒய்யூ என்று எட்டுப் பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்கள். விமானத்தில் பறந்து ஆடுவார்கள். எல்லோரும் எல்லோரோடும் இரண்டு முறை, மொத்தம் பதினான்கு ஆட்டம், முடிவில் நாக்அவுட் கிடையாது. பட்டியலில் முதலிடம் பிடித்தவர் சாம்பியன், அவ்வளவுதான். கணக்குப்படி யுஏஏ முறைதான் நேர்மையானது, ரசிகனாக எனக்கு நெஸ்காக் முறைதான் வேண்டும். விஸ்கான்சின் லீக்கில் ஆட்டம் இன்னும் முரட்டுத்தனமானது, கூட்டமும் அதிகம். அயோவாவில் கிரின்னெல் கல்லூரி என்று ஒன்று உண்டு, ஐந்து ஐந்து பேராக மாற்றி மாற்றி இறக்கி, கண்ணை மூடிக்கொண்டு த்ரீ பாயிண்டர் போடும் பாணி. 2012 நவம்பரில் அவர்களின் ஜாக் டெய்லர் ஒரே ஆட்டத்தில் 138 புள்ளிகள் எடுத்தார், 108 முறை எறிந்து. டிவிஷன் 3 என்றதும் பத்திரிகைகளுக்கு நினைவுக்கு வருவது அது ஒன்றுதான். வேடிக்கை பார்க்கலாம், ஆனால் அதை வைத்து இந்த உலகத்தை எடைபோட்டால் தப்பாகிவிடும்.

பார்ப்பது எப்படி? பக்கத்தில் இருந்தால் நேரில் போங்கள். வழக்கமான சீசன் ஆட்டங்களுக்குப் பெரும்பாலும் டிக்கெட்டே கிடையாது, களத்துக்குப் பத்தடி தூரத்தில் உட்காரலாம், கோச் டைம் அவுட்டில் திட்டுவது காதில் விழும். தூரத்தில் இருந்தால் கல்லூரிகளின் விளையாட்டுத் தளங்களில் நேரலை வரும். ஒரே ஒரு கேமரா, மாணவர்கள் வர்ணனை. சில பையன்கள் பிரமாதமாகச் செய்வார்கள். சிலர் எதிரணிப் பெயர்களைக் கடைசிவரை சரியாகச் சொல்ல மாட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் கல்லூரியின் விளையாட்டுச் செய்தி அலுவலர் எழுதும் குறிப்பைப் படியுங்கள். பெரிய பத்திரிகை எதுவும் எழுதாத லீக்கில் அந்த அலுவலர்கள்தான் ஆவணம் வைப்பவர்கள். நாடு தழுவிய செய்திக்கும் வாராந்திர முதல் 25 தரவரிசைக்கும் டி3ஹூப்ஸ் தளம் போதும்.

இந்தியாவிலிருந்து பார்ப்பதென்றால் நேரம் ஒன்றும் மோசமில்லை. குளிர்காலத்தில் அவர்களுக்கும் நமக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். வெள்ளி இரவு ஏழு மணி ஆட்டம் நமக்குச் சனிக்கிழமை காலை ஐந்தரை, காபியோடு உட்கார்ந்தால் ஏழரைக்கு முடிந்துவிடும். சனிக்கிழமை மூன்று மணி ஆட்டம்தான் சிக்கல், நமக்கு ஞாயிறு அதிகாலை ஒன்றரை. அதைப் பதிவில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு அணியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நினைத்தால், சாம்பியன் அணியை எடுக்காதீர்கள். நான்காவது, ஐந்தாவது இடத்தில் இருக்கும் அணியை எடுங்கள். முதலிடத்து அணிக்குப் பிப்ரவரியில் பெரிய பதற்றம் இருக்காது. கடைசி அணிக்கு எதுவுமே மிச்சமிருக்காது. நான்காமிடத்து அணிக்கோ, காலிறுதி சொந்த ஊரிலா வெளியூரிலா என்பது கடைசி வார இறுதிவரை தெரியாது, அதைத் தீர்மானிக்கும் ஆட்டம் பாதி நேரம் வேறு யாரோ இருவர் ஆடுவதாக இருக்கும். முதல் வருடம் ஒரு முதலாண்டுப் பையனையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பலர் நான்கு வருடமும் அதே கல்லூரியில்தான் ஆடுவார்கள். டிவிஷன் 1-ல் அணி மாறும் வேகத்தில் இந்தச் சௌகரியம் இப்போது இல்லை.

முதல் ஆட்டமாக எதைப் பார்ப்பது என்றால், சனவரியில் வில்லியம்ஸும் ஆம்ஹர்ஸ்ட்டும் மோதுவதைப் பாருங்கள். அது லீக் கணக்கில் சேரும் ஆட்டமா, சேராததா என்று மட்டும் அட்டவணையில் முன்னாடியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.